1990 ரோட்ஸ்டர்: பிறேக்கும் சொக் அப்சோபரும் வன்னி வீதிக்கு எப்படி இருக்க வேண்டும்?

பரந்தன்_சிவப்பு | பதிவு 1

எல்லோருக்கும் வணக்கம். போன வருடக் கடைசியில் ஒரு 1990 யூனோஸ் ரோட்ஸ்டர் வாங்கினேன். மற்ற நாடுகளில் மஸ்டா எம்எக்ஸ்-5 என்று விற்ற அதே கார்தான், ஜப்பானில் யூனோஸ் என்ற பெயரில் வந்தது. 1600 சிசி, ஐந்து கியர், மேலே துணிக்கூரை. கண்டிப் பக்கம் ஒரு வீட்டுக் கொட்டிலில் நாலு வருடம் ஓடாமல் நின்றிருக்கிறது. 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இப்படிப்பட்ட காரின் விலை எங்கே போனது என்று உங்களுக்குத் தெரியும். அப்பா இன்னும் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. ஆனால் பள்ளிக்கூடக் காலத்தில் ஒரு படத்தில் பார்த்த நாளில் இருந்து இந்தக் காரில்தான் என் மனம்.

எஞ்சின் நல்லது. பிரச்சினை நிறுத்துவதிலும் குலுக்கத்திலும்தான்.

பெடல் பஞ்சு மாதிரி இறங்குகிறது. 60 இல் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் கார் இடப்பக்கம் இழுக்கிறது. பரந்தனில் இருந்து முல்லைத்தீவு போகிற ஏ35 வீதியில் மதகுகளைக் கடக்கும்போது பின்பக்கம் மூன்று தரம் துள்ளிய பிறகுதான் அடங்குகிறது.

நான் நினைத்திருப்பது: முன்பக்கத்துக்கு நாலு பிஸ்டன் கெலிப்பரும் (பேட்டை டிஸ்க்கில் அழுத்திப் பிடிக்கிற பகுதி) பெரிய டிஸ்க்கும், நாலு பக்கமும் உயரம் மாற்றக்கூடிய கொயிலோவர் (ஸ்பிறிங்கும் சொக் அப்சோபரும் ஒன்றாக வருவது), காரின் உயரத்தை 40 மில்லிமீற்றர் இறக்கிப் பதிப்பது, 15 அங்குல ரிம். கையில் இருக்கும் காசு இவ்வளவுக்கும் மட்டுமட்டாகப் போதும். ஓடர் கொடுக்க முதல் உங்களிடம் ஒருக்கால் கேட்போம் என்று வந்தேன்.

முறிகண்டி_மணி | பதிவு 2

போன மாதம் பிள்ளையார் கோயிலடியில் தேங்காய் உடைத்துவிட்டுக் கச்சான் வாங்கிக்கொண்டு நின்றது நீங்கள்தானா தம்பி? சிவப்பு, முன்விளக்கு மேலே எழும்புகிற கார்? என் மகன் இன்றைக்கும் அதைப் பற்றித்தான் கதைக்கிறான். படம் போடுங்கள்.

பட்டறைக்காரன் | பதிவு 3

தம்பி, ஓடர் கொடுக்க வேண்டாம். முதலில் நாலு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்.

பிறேக் ஒயில் கடைசியாக எப்போது மாற்றியது? சில்லுக்குப் போகிற ரப்பர் ஹோஸ் எந்தக் காலத்தது? ரயரின் பக்கத்தில் கடைசி நாலு இலக்கம் என்ன? 2314 என்றிருந்தால் 2014 ஆம் ஆண்டின் 23 ஆவது கிழமையில் செய்தது என்று அர்த்தம். நாலாவது, சொக் அப்சோபரில் ஒயில் கசிவு இருக்கிறதா?

பிறகு ஒரு சோதனை. ஒவ்வொரு சில்லாக ஜக் அடித்துத் தூக்குங்கள், ஸ்டான்ட் வைக்காமல் கீழே தலை வைக்க வேண்டாம். சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஒருவரைப் பெடலை அழுத்தி விடச் சொல்லுங்கள். உடனே திரும்பச் சுற்றுங்கள். விட்டவுடன் சுற்ற வேண்டும். ஒரு நிமிடம் கழித்துத்தான் சுற்றுகிறது என்றால் அந்தப் பக்கத்து ஹோஸுக்குள்ளேதான் வருத்தம்.

நான் புதுக்குடியிருப்பில் உழவு இயந்திரமும் லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு இயந்திரமும் திருத்துகிறவன். ஸ்போர்ட்ஸ் கார் என் தொழில் இல்லை. ஆனால் பிறேக் என்பது பிறேக்தான்.

கனடா_மாங்குளம் | பதிவு 4

தம்பி, எனக்கு இங்கே ரொறன்ரோவில் இதே கார் இருக்கிறது, 1992 மொடல், பதினொரு வருடமாக வைத்திருக்கிறேன். உங்களுடைய ஆசை எனக்கு நன்றாக விளங்குகிறது.

1600 சிசி காரின் முன் டிஸ்க் 235 மில்லிமீற்றர், பின் டிஸ்க் 231. பிறகு வந்த 1800 சிசி காரில் முன்னுக்கு 255, பின்னுக்கு 251. கெலிப்பர், பிராக்கெட், டிஸ்க், பேட் எல்லாவற்றையும் 1800 காரில் இருந்து கழற்றி அப்படியே உங்களுடையதில் பூட்டலாம், வெட்டவோ ஒட்டவோ தேவையில்லை. 14 அங்குல ரிம்முக்குள்ளும் அடங்கும். நாலு பிஸ்டன் செட்டுக்குப் போகிற காசில் பாதியும் வராது. என்னிடம் ஒரு செட் பழையது கிடக்கிறது. ஓகஸ்டில் ஊருக்கு வரும்போது கொண்டுவரலாம்.

கொயிலோவர் விடயத்தில் நான் உங்கள் பக்கம். இந்தக் காரைப் பதித்து ஓட்டிப் பார்க்காதவருக்கு அந்தச் சுகம் தெரியாது.

நெற்கதிர் | பதிவு 5

வவுனியாவில் இருந்து எழுதுகிறேன். இயந்திரவியல் படித்தவள். என் தம்பியிடமும் ஒரு பழைய ஹொண்டா இருப்பதால் இந்தக் கதை எங்கள் வீட்டிலும் வாரம் ஒருக்கால் நடக்கும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

காரும் இரண்டு பேரும் சாமானும் சேர்ந்து 1100 கிலோ என்று வையுங்கள். 70 கிலோமீற்றர் வேகத்தில் அதன் இயக்கச் சக்தி ஏறத்தாழ 208 கிலோஜூல். 100 இல் 424, அதாவது இரண்டு மடங்குக்கு மேல். நிறுத்தும்போது இவ்வளவும் வெப்பமாக டிஸ்க்குக்குள் இறங்க வேண்டும். அதில் முன்பக்கம் 70 வீதம் எடுக்கிறது, ஒரு முன் டிஸ்க் 4 கிலோ என்று பிடித்தால், 70 இல் இருந்து ஒரு தரம் முழுதாக நிறுத்த டிஸ்க்கின் சூடு ஏறத்தாழ 40 பாகை கூடும். அவ்வளவுதான்.

கடுகண்ணாவையில் இறங்கும்போது நிமிடத்துக்கு மூன்று தரம் பிடிப்பீர்கள், ஆற நேரம் இருக்காது, 40 மேல் 40 ஆக ஏறிக்கொண்டே போகும். அங்கே பெரிய டிஸ்க் கைகொடுக்கும். பரந்தனில் இருந்து முல்லைத்தீவு வரை எங்கே இறக்கம் இருக்கிறது? தட்டையான நிலம், நேரான வீதி. அடுத்த தரம் பிடிப்பதற்குள் டிஸ்க் ஆறிவிடும்.

இன்னொன்று. 1990 காரில் ஏபிஎஸ் (பிடிக்கும்போது சில்லுப் பூட்டாமல் தடுப்பது) இல்லை. இருக்கிற பிறேக்கே சில்லைப் பூட்டும் அளவுக்குப் பலமானது என்றால், அதற்கு மேல் நிறுத்துவது ரயரும் தாரும் மட்டும்தான். முன்னுக்கு மட்டும் பெரிய செட்டைப் போட்டால் முன்ரயர் முந்திப் பூட்டும், பின்பக்கம் தன் பங்கைச் செய்யாது, நிற்கும் தூரம் கூடவும் கூடும். கனடா அண்ணை சொன்ன 1800 செட்டில் இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் முன்னும் பின்னும் சேர்ந்தே வளருகிறது.

பரந்தன்_சிவப்பு | பதிவு 6

பட்டறை அண்ணை கேட்டதற்குப் பதில்.

பிறேக் ஒயில்: டப்பாவுக்குள் பிளேன்டீ நிறம். எப்போது மாற்றியது என்று விற்றவருக்கும் தெரியாது. ஹோஸில் ஜப்பான் எழுத்து இருக்கிறது, காரோடு வந்தது என்று நினைக்கிறேன், வெளித்தோல் முழுதும் வெடிப்பு. ரயர்: முன்னுக்கு 4012, பின்னுக்கு 0913. பூவெல்லாம் இருக்கிறதே என்று நான் பார்க்கவே இல்லை. பின் சொக் அப்சோபர் இரண்டிலும் ஒயில் வடிந்து அதன் மேல் தூசி பிடித்துக் கறுப்பாக இருக்கிறது.

சில்லுச் சோதனை: முன் வலது அழுத்தி விட்ட பிறகு அரை நிமிடம் சுற்றவே இல்லை. முன் இடது சரி. பின் இரண்டும் சரி, ஆனால் கை பிறேக் ஏழு எட்டுப் பல் இழுத்தாலும் பிடிக்கவில்லை.

அக்கா, உங்கள் கணக்கை இரண்டு தரம் வாசித்தேன். ஆனால் ஒன்று விளங்கவில்லை. வலது பக்கம்தான் இறுகி நிற்கிறது என்றால் கார் வலது பக்கம் அல்லவா இழுக்க வேண்டும்? ஏன் இடப்பக்கம் இழுக்கிறது?

பட்டறைக்காரன் | பதிவு 7

நல்ல கேள்வி. இதை ஆறுதலாகச் சொல்லுகிறேன், ஏனென்றால் இதில்தான் கனபேர் பிழை விடுகிறார்கள்.

பழைய ஹோஸ் வெளியே வெடிக்கிறது மட்டும் இல்லை, உள்ளேயும் வீங்கும். உள்துவாரம் ஊசித் துளை மாதிரிச் சிறுத்துவிடும். நீங்கள் சடுதியாக மிதிக்கும்போது ஒயில் அந்தத் துளைக்குள்ளால் போய்ச் சேர நேரம் எடுக்கும். அதற்குள் இடப்பக்கம் பிடித்துவிடும், கார் இடப்பக்கம் இழுக்கும். காலை எடுத்த பிறகு போன ஒயில் திரும்பி வரவும் நேரம் எடுக்கும், அதனால் வலது சில்லு உரசிக்கொண்டே ஓடும். ஒரே ஹோஸ், இரண்டு குணம். பிடிக்கும்போது பிந்தும், விடும்போதும் பிந்தும்.

ஆனால் ஹோஸ் மட்டும்தான் என்று நான் நம்பவில்லை. கெலிப்பர் இரண்டு வழுக்குக் கம்பியில் முன்பின் அசைய வேண்டும். நாலு வருடம் நின்ற காரில் அந்த வழுக்குக் கம்பி இறுகியிருக்கும். கழற்றி இரண்டு பக்க பேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். உள் பேட் தேய்ந்து வெளி பேட் புதிதாக இருந்தால் வழுக்குக் கம்பி இறுகி இருக்கிறது.

இனி முக்கியமானது. வழுக்குக் கம்பிக்கும் ரப்பருக்கும் பூச ரப்பருக்கு ஏற்ற சிலிக்கன் கிரீஸ்தான் வேண்டும். சாதாரண கிரீஸ் பூச வேண்டாம். கெலிப்பரைப் பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய் எதிலும் கழுவக்கூடாது. எனக்கு நடந்ததைச் சொல்லுகிறேன். என் வானின் பின் சிலிண்டரை அவசரத்துக்கு வேறொரு கராஜில் கழற்றிக் கொடுத்தேன். அங்கே இருந்த பையன் எல்லாவற்றையும் டீசலில் அலசிப் பூட்டினான். பார்க்க அவ்வளவு சுத்தம். மூன்றாம் கிழமை முள்ளியவளையில் பெடல் நிலத்தோடு போனது. மாஸ்டர் பம்ப் வரை எல்லா ரப்பரும் ஊதி இடியப்ப மா மாதிரிக் குழைந்திருந்தது. பிள்ளைகள் பின்சீற்றில் இருந்தார்கள். முன்னால் வாகனம் இல்லாததால் தப்பினோம். அந்தப் பையனில் எனக்குக் கோபம் இல்லை, அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நீங்கள் பிறேக் கிளீனர் இல்லாவிட்டால் புதுப் பிறேக் ஒயிலிலேயே கழுவுங்கள், போதும்.

நாலு ஹோஸும் புதிது போடுங்கள். கம்பி பின்னிய ஹோஸ் கிடைத்தால் இன்னும் நல்லது, மிதிக்கும்போது ஊதாது, பெடல் கல்லு மாதிரி நிற்கும். நாலு கெலிப்பருக்கும் ரப்பர் செட். டிஸ்க்கின் தடிப்பையும் அளவுங்கள். உங்கள் முன் டிஸ்க் புதிதில் 18 மில்லிமீற்றர், 16 க்குக் கீழே போனால் லேத்தில் போடுவதிலும் அர்த்தம் இல்லை, மாற்றத்தான் வேண்டும்.

நெற்கதிர் | பதிவு 8

ஒயில் பற்றி ஒரு வரி சேர்க்கிறேன். பிறேக் ஒயில் காற்றில் இருந்து ஈரத்தை இழுக்கும். டொட் 3 புதிதில் 205 பாகையில் கொதிக்கும், ஈரம் ஏறிய பிறகு 140 போதும். டொட் 4 க்கு அது 230 உம் 155 உம். மாரி காலத்தில் எங்கள் காற்றே தண்ணீர். டொட் 4 ஊற்றி இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் மாற்றுங்கள். டொட் 5 என்று சிலிக்கன் ஒயில் ஒன்று இருக்கிறது, அதை இதோடு கலக்கவே கூடாது. 5.1 என்பது வேறு, அது கலக்கும். பெயர் ஒத்திருப்பதால் கடையில் மாறித் தந்துவிடுவார்கள், போத்தலை வாசித்து வாங்குங்கள்.

பிறேக் குழாய்களில் இருந்து எயார் எடுக்கும்போது மாஸ்டர் பம்புக்கு ஆகத் தூரமான சில்லில் தொடங்க வேண்டும். இணையத்தில் இருக்கும் பல குறிப்புகள் இடப்பக்க ஸ்டியரிங் கார்களுக்கு எழுதியவை, அவை பின் வலது என்று சொல்லும். எங்கள் கார்களில் பம்ப் வலது பக்கம், ஆகவே பின் இடது முதல், பிறகு பின் வலது, முன் இடது, கடைசியாக முன் வலது.

ஓமந்தை_லான்சர் | பதிவு 9

பிள்ளைகளே, நான் பொக்ஸ் லான்சர் வைத்திருக்கிற பழையவன். நீங்கள் கதைக்கிற எல்லாம் நல்லது. நான் ஒரு இரவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கார்த்திகை மாதம், நல்ல மழை விட்டிருந்தது. புளியங்குளம் தாண்டி ஓமந்தைக்கு வருகிறேன், ஒன்பது மணி இருக்கும். மழைக்காலத்தில் வயலும் தரவையும் ஈரம் என்பதால் மாடுகள் எல்லாம் காய்ந்த தாரில் வந்து படுத்துவிடும். கண்டியில் இருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதியில் ஓடுகிற எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் 80 இல் வந்தேன். கறுத்த மாடு, கறுத்த வீதி. கண்டபோது அது முப்பது பாகம் தூரம்கூட இல்லை. மிதித்தேன், நாலு சில்லும் பூட்டிக்கொண்டு கார் கட்டை மாதிரி வழுக்கியது. கன்றுத்தாய்ச்சி மாடு. அது பிழைக்கவில்லை. மாட்டுக்காரர் விடிய வந்தபோது நான் அங்கேயே இருந்தேன். நட்டஈடு கொடுத்தேன், ஆனால் அந்த மனிசன் மாட்டின் தலையைத் தடவிக்கொண்டு இருந்தது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

என் பிறேக்கில் ஒரு பிழையும் இருக்கவில்லை. ரயர் ஒன்பது வருடப் பழசு, கல்லாக இறுகியிருந்தது. முன்விளக்கின் கண்ணாடி மங்கிப்போய் மஞ்சளாக எரிந்தது. பிறகு விளக்குக்குப் பற்றரியில் இருந்து நேரே கரண்ட் எடுக்கிற ரிலே போட்டுத் தடித்த வயர் இழுத்தேன். அதே 60/55 வொட் பல்புதான், பகல் மாதிரித் தெரிந்தது. பழைய காரில் சுவிட்ச் வழியாகக் கரண்ட் போய் வரும் வழியிலேயே வோல்ட் குறைந்துவிடுகிறது. தம்பி, உங்கள் காரின் விளக்கும் முப்பது வருடம் கடந்தது. காணாத மாட்டுக்கு எந்தப் பிறேக்கும் பிடிக்காது.

பரந்தன்_சிவப்பு | பதிவு 10

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. ரயர் நாலையும் மாற்றுகிறேன். அதே 185/60 ஆர்14, கிளிநொச்சியிலேயே கிடைக்கிறது. 15 அங்குல ரிம் வேண்டாம் என்று வைத்துவிட்டேன். ரிலே வேலையும் பட்டியலில்.

ஆனால் கொயிலோவர் இன்னும் மனதில் நிற்கிறது. மறைக்காமல் சொல்லுகிறேன்.

கனடா_மாங்குளம் | பதிவு 11

நிற்கத்தானே வேண்டும். பழைய சொக்கை மாற்றத்தான் போகிறீர்கள். மாற்றுகிற செலவோடு செலவாக நல்லதாகப் போடுவதில் என்ன பிழை? உயரம் மாற்றலாம் என்றால் ஏற்றியும் வைக்கலாம். ஏ9 இப்போது காப்பெற் வீதி, நான் 2019 இல் வந்தபோது யாழ்ப்பாணத்தில் இருந்து வவுனியா வரை தேத்தண்ணி சிந்தாமல் வந்தேன்.

பட்டறைக்காரன் | பதிவு 12

அண்ணை, ஏ9 இல் வந்தீர்கள், உண்மை. ஆனால் ஏ9 இல் யாரும் குடியிருப்பதில்லையே. இறங்கி ஒரு கிலோமீற்றர் போனால் கிரவல். அக்கராயன் பக்கம், துணுக்காய், நெடுங்கேணி உள்வீதி எல்லாம் நினைத்துப் பாருங்கள். வாய்க்கால் குறுக்கே வெட்டிப் போட்ட இடம், குளக்கட்டில் ஏறுகிற மொட்டை ஏற்றம், மாரிக்குப் பிறகு மாட்டுவண்டித் தடம் மாதிரி இரண்டு கோடு, நடுவில் முதுகு. இந்தக் காரின் வயிறு பதித்தால் அந்த முதுகில்தான் உட்காரும். அடியில் முதலில் அடிபடுவது புகைக்குழாயும் எஞ்சின் ஒயில் சம்பும்.

நெற்கதிர் | பதிவு 13

கனடா அண்ணை, நீங்கள் சொல்வதில் பாதி சரி. நல்ல சொக் போடத்தான் வேண்டும். பதிப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை, காரணம் சொல்லுகிறேன்.

இந்த முதல் தலைமுறை ரோட்ஸ்டரில் சொக் மேலே அமுங்குவதற்கு இருக்கிற இடம் ஏற்கனவே குறைவு. கொஞ்சம் பெரிய பள்ளத்தில் விழுந்தாலே பம்ப் ஸ்டொப் என்கிற ரப்பர் கட்டையில் போய் முட்டும். 40 மில்லிமீற்றர் பதித்தால் அந்தக் கொஞ்ச இடமும் போய், கார் ஸ்பிறிங்கில் ஓடாமல் ரப்பர் கட்டையில் ஓடும். முட்டுகிற கணத்தில் அந்தச் சில்லின் விறைப்பு சட்டென்று பல மடங்காகிறது, ரயர் தாரை விட்டு எழும்பும். வளைவில் அது நடந்தால் பின்பக்கம் விலகும். அதனால்தான் கொயிலோவர்காரர் விறைப்பான ஸ்பிறிங் தருகிறார்கள். விறைப்பை இரண்டு மடங்காக்கினால் கார் துள்ளும் வேகம் 1.4 மடங்காகும். வழுவழு என்ற ஓட்டப்பந்தயத் தடத்தில் அது நல்லது. கிரவலில் ரயர் பாதி நேரம் காற்றில்தான் நிற்கும். காற்றில் நிற்கும் ரயரால் பிறேக் பிடிக்க முடியாது.

மஸ்டாக்காரன் இந்தக் காருக்கு நாலு சில்லிலும் இரட்டை விஷ்போன் (சில்லைத் தாங்குகிற மேல் கையும் கீழ்க் கையும்) வைத்தான். ஒரு தொன்னுக்கும் குறைந்த காருக்கு அவ்வளவு செலவழித்தவன், அதன் அசைவுக்கு ஒரு அளவும் வைத்திருக்கிறான். அந்த அளவைத் திரும்ப உயிர்ப்பிப்பதே பெரிய மேம்படுத்தல். அதே உயரத்துக்கான ஸ்பிறிங், கயாபா அல்லது பில்ஸ்டீன் சொக், புது பம்ப் ஸ்டொப், மேல் மவுண்ட். முக்கியமாகப் புஷ், அதாவது அந்தக் கைகளின் மூட்டில் இருக்கிற ரப்பர். முப்பத்தைந்து வருட ரப்பரில் நிற்கிற காருக்கு எந்த விலை சொக் போட்டாலும் பிறேக் பிடிக்கும்போது சில்லு தன் பாட்டுக்குத் திசை மாறும்.

கனடா_மாங்குளம் | பதிவு 14

பம்ப் ஸ்டொப் கதை உண்மை. நானும் முதல் வருடம் அதைத்தான் அனுபவித்தேன், பிறகு இரண்டாம் தலைமுறைக் காரின் மேல் மவுண்ட் போட்டுக் கொஞ்ச இடம் எடுத்தேன். சரி தங்கச்சி, பரந்தன் காருக்கு உயரம் மாற்ற வேண்டாம். என்னுடையது இந்த வீதிக்கு, அது அந்த வீதிக்கு. ஆனால் 1800 பிறேக் செட்டை நான் கொண்டுவரத்தான் போகிறேன். தம்பி ஒரு நாளைக்கு நுவரெலியா போவார்.

முறிகண்டி_மணி | பதிவு 15

புஷ் ரப்பரில் போடுவதா, பொலியூரதேன் போடுவதா? மகன் கேட்கச் சொன்னான்.

பட்டறைக்காரன் | பதிவு 16

எங்கள் செம்புழுதிக்கு ரப்பர். பொலியூரதேன் புஷ் உள் குழாயில் வழுக்கி வேலை செய்கிறது, கிரீஸ் வேண்டும், அதற்குள் புழுதி போனால் அரைக்கும், சத்தம் வரும். ரப்பர் புஷ் வழுக்காது, முறுகி முறுகித்தான் வேலை செய்யும்.

அதனால்தான் இன்னொரு விடயம். ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைச் சில்லு தொங்கிக்கொண்டு இருக்கும்போது இறுக்கக்கூடாது. அப்படி இறுக்கினால் காரை இறக்கியவுடன் ரப்பர் நிரந்தரமாக முறுகி நிற்கும், ஒரு வருடத்தில் கிழியும். எல்லாவற்றையும் தளர்வாகப் பூட்டி, காரைச் சில்லில் நிறுத்தி, ஆள் பாரத்தோடு நாலு தரம் அமுக்கி விட்டு, பிறகு இறுக்க வேண்டும். இந்த ஒரு வேலையைச் செய்யாமல் விட்டுத்தான் "புதுப் புஷ் போட்டும் சரிவரவில்லை" என்று வருகிறார்கள்.

தம்பி, பிரஸ் என்னிடம் இருக்கிறது. கைகளைக் கழற்றிக் கொண்டு வாருங்கள். கீழ்க் கைகளின் நீட்டு போல்ட்டில் மையம் விலகிய வளையம் ஒன்று இருக்கும், கேம்பர் (சில்லின் சரிவு) சரிபார்க்க. அது நிற்கும் இடத்தைப் பெயின்ற்றால் குறித்துவிட்டுக் கழற்றுங்கள்.

பரந்தன்_சிவப்பு | பதிவு 17

ஐந்து கிழமை கழித்து எழுதுகிறேன். இடையில் சிலர் தனிச்செய்தியில் கேட்டீர்கள், மன்னிக்க வேண்டும், கையில் எப்போதும் கிரீஸ்தான்.

பிறேக்: முன் வலது கெலிப்பரின் கீழ் வழுக்குக் கம்பி துரு பிடித்து அசையவே இல்லை. உள் பேட் 2 மில்லிமீற்றர், வெளி பேட் 8. அண்ணை சொன்னது அப்படியே. பழைய ஹோஸை வெட்டிப் பார்த்தேன், குண்டூசி போகிற துவாரம்தான். கனடா அண்ணை அனுப்பிய இணைப்பில் கம்பி ஹோஸ் எடுத்தேன். டிஸ்க் 15.6 இருந்தது, இரண்டும் புதிது. பேட் சாதாரண வீதிப் பேட், பந்தயப் பேட் குளிரில் பிடிக்காது என்று நெற்கதிர் அக்கா தனியாகச் சொன்னார். ஒயில் டொட் 4, எயார் எடுக்கப் பின் இடதில் தொடங்கினோம், தங்கச்சிதான் பெடல் மிதித்தாள்.

புஷ்: இதில்தான் கண்ணீர் வந்தது. பின் கீழ்க் கையின் நீட்டு போல்ட் உள் குழாயோடு சேர்ந்து இறுகிவிட்டது. மூன்று நாள் துருநீக்கி அடித்தும் அசையவில்லை. கடைசியில் புதுக்குடியிருப்புக்குக் காரையே லொறியில் ஏற்றிக் கொண்டுபோனேன். அண்ணை இரண்டு பக்கமும் வாளால் அறுத்து எடுத்தார். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கிற பஞ்சிகாவத்தையில் அந்த போல்ட் தேடிக் கிடைக்கவில்லை, ஜப்பானில் இருந்து வர இரண்டு கிழமை. லாண்ட்மாஸ்டர் நாலு வரிசையில் நிற்க, என் கார் நடுவில் கையில்லாமல் ஜக்கில் நின்ற படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். அன்றைக்குத்தான் அவர் எடுத்து, "சாப்பிட்டாயா" என்று கேட்டார்.

சொக் நாலும் கயாபா, ஸ்பிறிங் பழையதே, அது நன்றாக இருந்தது. எலைன்மென்ட் வவுனியாவில்: முன் கேம்பர் மைனஸ் 1 பாகை, பின் மைனஸ் 1.5, பின் டோ (சில்லு பார்க்கிற திசை) கொஞ்சம் உள்ளே.

இனி அளவு. எங்கள் காணிக்குப் பக்கத்தில் புதிதாகப் போட்ட உள்வீதி ஒன்று, விடிய ஐந்தரை மணி, இரண்டு முனையிலும் மச்சான்மார் காவல். போனின் ஜிபிஎஸ்ஸில் 60, குறித்த கோட்டில் மிதித்து, நாடாவால் அளந்தோம். ஒவ்வொன்றும் மூன்று தரம்.

தொடங்க முதல்: 26 மீற்றர், இடப்பக்கம் இழுவை.
ஹோஸ், கெலிப்பர், பேட், டிஸ்க் மாற்றிப் பழைய ரயரோடு: 21 மீற்றர், நேராக.
புது ரயரோடு: 18 மீற்றர்.

எட்டு மீற்றர். இரண்டு கார் நீளம். ஒரு பெரிய கெலிப்பரும் இல்லாமல்.

ஓமந்தை_லான்சர் | பதிவு 18

அந்த எட்டு மீற்றர் அன்றைக்கு எனக்கு இருந்திருந்தால் அந்த மாடு எழும்பிப் போயிருக்கும். சந்தோஷம் தம்பி. ரிலே போட்டாயிற்றா?

பரந்தன்_சிவப்பு | பதிவு 19

போட்டாயிற்று ஐயா. எரியும்போது 10.9 வோல்ட் வந்த இடத்தில் இப்போது 13 க்கு மேல்.

நெற்கதிர் | பதிவு 20

படிப்படியாக அளந்தது மிக நல்ல வேலை. எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றியிருந்தால் எது கைகொடுத்தது என்று தெரிந்திருக்காது. அளக்க முதல் புது பேட்டைப் பதப்படுத்தினீர்களா?

பரந்தன்_சிவப்பு | பதிவு 21

ஓம் அக்கா. 60 இல் இருந்து 10 வரை, முழுதாக நிறுத்தாமல், பத்துத் தரம். பிறகு பிறேக்கைத் தொடாமல் மெதுவாகச் சுண்டிக்குளம் சந்தி வரை ஓடி ஆறவிட்டேன். முதல் நாலு தரம் மணம் வந்தது, பிறகு போய்விட்டது.

மதகுத் துள்ளலும் போய்விட்டது. ஏறி இறங்கி ஒரே மூச்சில் அடங்குகிறது. அப்பாவை முல்லைத்தீவுக் கடற்கரை வரை ஏற்றிக்கொண்டு போனேன். அவர் வழியில் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது கூரையைத் திறக்கச் சொன்னார்.

ஒன்று மட்டும் மிச்சம். கை பிறேக் இன்னும் பிடிக்கவில்லை. கேபிளை இறுக்கிப் பார்த்தேன், சரிவரவில்லை.

கனடா_மாங்குளம் | பதிவு 22

கேபிளைத் தொட வேண்டாம், திரும்பத் தளர்த்துங்கள். பின் கெலிப்பரின் பின்பக்கம் 14 மில்லிமீற்றர் போல்ட் ஒன்று மூடி மாதிரி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மில்லிமீற்றர் ஆலன் கீ போகிற திருகு. சில்லு சுற்ற முடியாமல் இறுகும் வரை கடிகாரத் திசையில் சுற்றுங்கள், பிறகு மூன்றில் ஒரு சுற்று திருப்பி விடுங்கள். மூடி போல்ட்டைப் போடுங்கள். இரண்டு பக்கமும் செய்த பிறகு கேபிளைச் சரிபாருங்கள். பேட் மாற்றினால் ஒவ்வொரு முறையும் இது செய்ய வேண்டும், கனபேருக்குத் தெரியாது.

பரந்தன்_சிவப்பு | பதிவு 23

இப்போதுதான் செய்து முடித்தேன். நாலாம் பல்லிலேயே பிடிக்கிறது. இரணைமடுக் குளக்கட்டு ஏற்றத்தில் கியர் இல்லாமல் நிறுத்தி, இறங்கி நின்று பார்த்தேன். அசையவில்லை.